மின்னல் இறங்கிய ஸ்டாப்

வீட்டின் மேல் இடி விழுந்தால் எந்த மனுஷனும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவான். நம் பஸ் கண்டக்டரோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். அவசரத்தில் சட்டை போட மறந்திருந்தார் என்பது வேறு விஷயம். "பாத்தீங்களா? நம்ம வீட்டுலதான் விழுந்திருக்கு!" என்று அவர் தெருவைப் பார்த்துச் சொன்ன தோரணையைக் கேட்டவர்கள், ஏதோ பெரிய பரிசு விழுந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவருக்குப் பின்னால் மனைவி வந்து நின்றாள். தெருவில் அவளை இஸ்திரியம்மா என்பார்கள். முன்னறையில் மேஜை போட்டு, அக்கம்பக்கத்துத் துணிகளை இஸ்திரி போட்டுக் கொடுக்கிறாள். தூரத்தில் இடி உறுமினாலே இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுவது அவள் பழக்கம். அன்றைக்கும் பிடுங்கியிருந்தாள். அடுத்த நிமிஷமே கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், காதை அடைக்கிற சத்தம், மாடியிலிருந்து ஏதோ பெயர்ந்து கொல்லையில் விழுகிற ஓசை. ஹாலில் டிவி "பட்" என்று வெடித்து அணைந்தது. அவள் கையில் பாதி மடித்த சட்டை இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டுதான் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"உள்ள வாங்க. மழை இன்னும் விடல" என்று கணவரின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். மனுஷன் அசையவில்லை. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் ஜன்னலைத் திறந்து பார்க்கும்வரை நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மருந்துக்கடைக்காரர் மூன்று மாடி கட்டியவர். மாடிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு மேல் கொடிக்கம்பம் மாதிரி ஒரு கம்பி. தெருவிலேயே உயரமான வீடு. அதை விட்டுவிட்டு மின்னல் கண்டக்டரின் ஒற்றைத் தள வீட்டைத் தேடி வந்திருக்கிறது என்றால் சும்மாவா? "மின்னலும் ஆள் பாத்துத்தான் வருது" என்று கண்டக்டர் அன்று சாயங்காலமே சொல்லத் தொடங்கிவிட்டார்.

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் இஸ்திரியம்மா சிரிக்கவில்லை, காரணம் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த மனுஷன் வாடிப்போயிருந்தார். ஒரு பஸ் நிறைய ஆட்கள் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது. கடைசி சீட்டில் தூங்குகிறவனும் திடுக்கிட்டு எழுந்து தன் ஸ்டாப்பில் இறங்குவான். அந்தக் குரலுக்கு வீட்டில் இருந்ததோ இரண்டே காது, அதுவும் பாதி நேரம் இஸ்திரிப் பெட்டி பக்கம் சாய்ந்திருக்கும். போகப் போக அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு, போகிற வருகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. இப்போது இடி விழுந்ததும் மனுஷனுக்கு உயிர் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் முகச்சவரம், வெளுத்த சட்டை, வாயெல்லாம் பல்.

ஆட்களும் வந்தார்கள். பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, கூட்டம் சேர்ந்த பிறகுதான் கிளம்புவார். பழைய தொழில் விட்டுப்போகுமா?

"எல்லாரும் வாங்க, மொட்டைமாடியிலேருந்து ஆரம்பிப்போம். ஏறினது இங்க. இந்த மூலையில. கைப்பிடிச் சுவத்த எப்படிப் பேத்திருக்கு பாருங்க, உள்ள கம்பி தெரியுதா? அடுத்த ஸ்டாப், டிஷ். கவுத்த குடை மாதிரி இருந்தது, இப்ப காஞ்ச இலையா சுருண்டு கெடக்கு. அங்கேருந்து இந்தக் கேபிளப் புடிச்சுக்கிட்டு கீழ வருது. ஜன்னல் ஓட்டையில நுழையுது. நேரா நம்ம ஹால். டிவி! ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான், ஆட்டம் முடிஞ்சது."

கூட்டம் உச்சுக் கொட்டும். கண்டக்டர் கருகிப்போன டிவியை ஒரு கையால் தடவிக் கொடுப்பார். "மின்னல்னா மண்ணுக்குப் போகணும், அதான் அதோட வெறி. நடுவுல எது கெடைச்சாலும் புடிச்சுக்கிட்டு ஓடும். ஆனா வீடு அசையல பாருங்க. நானும் இவளும் கட்டின வீடு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இஸ்திரியம்மா மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொய்யில்லை. அவர் ஓவர்டைம் பார்த்தார், அவள் ஊரார் துணியைத் தேய்த்தாள், இரண்டும் சேர்ந்துதான் இந்தச் சுவர்கள் எழுந்தன. அவர் அதைப் பத்துப் பேர் முன்னால் உரக்கச் சொல்லும்போது அவளுக்கும் கழுத்து ஒரு விரற்கடை நீளும். ஒளிப்பானேன், பெருமையாகத்தான் இருந்தது.

இடி விழுந்த மறுநாளே எலெக்ட்ரீஷியன் வந்து போனார். பக்கத்துத் தெருவில் கடை வைத்திருப்பவர், நிதானமான ஆள். புது ஃபியூஸ் போட்டார், விளக்குகளைப் போட்டுப் பார்த்தார், பிறகு சுவரை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எரியுதுங்கறதுக்காக விட்டுடக் கூடாதுங்க. மின்னல் வயருக்குள்ள போயிருந்தா வெளிய தெரியாது. சுவத்துல ரெண்டு மூணு எடத்துல பிரிச்சு, எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்துடலாம்."

கண்டக்டருக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "லைட் எரியுது. ஃபேன் சுத்துது. இடியே விழுந்து அசையாத வீட்ட நீங்க உளியால அசைக்கப் போறீங்களா? போய்ட்டு வாங்க தம்பி, தேவைன்னா கூப்பிடறேன்."

எலெக்ட்ரீஷியன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்டக்டர் அதற்குள் புதிதாக வந்த இரண்டு பேரை மாடிக்கு அழைத்துப் போய்விட்டார். கைப்பிடிச் சுவரைப் பூச வந்த கொத்தனாருக்கும் அதே கதிதான். "அதுல கைய வச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். மக வந்து பாக்கட்டும். அப்புறம் பூசலாம்."

மகள் கைக்குழந்தையோடு வருவதாக இருந்தாள். வேலைக்குத் திரும்பும் முன் சில வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஏற்பாடு. பின்னறையைக் கழுவித் துடைத்து, குழந்தைக்கு ஒரு மரக்கட்டில் வாங்கி, ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் டிவி, அந்தப் பக்கம் கட்டில். கட்டிலைத் தள்ளிப் பொருத்தியதும், தலைமாட்டில் சுவரை மறைத்துப் பூப்போட்ட துணியைக் கட்டியதும் கண்டக்டரேதான். பேரப்பிள்ளை என்றால் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம்.

அந்த அறையில்தான் இஸ்திரியம்மாவின் மூக்கில் முதலில் மீன் வாடை அடித்தது.

லேசான வாடை. கருகின மீனின் வாடை. பக்கத்து வீட்டில் பொரிக்கிறார்கள் என்று நினைத்தாள். மறுநாளும் அடித்தது, அதற்கு மறுநாளும். நல்ல வசதிதான், தினமும் மீன் வாங்குகிறார்கள் என்று மனசுக்குள் ஒரு நொட்டை சொல்லிக்கொண்டாள். அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியே சேலையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் கேட்டாள்.

"ஏன்க்கா, டிவி போனா என்ன, நீங்க ராஜபோகமாத்தான் இருக்கீங்க. தினமும் காலையில மீனா?"

இஸ்திரியம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எங்க வீட்டுலயா? நான் உங்க வீட்டுலன்னு இல்ல நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இஸ்திரியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுக்க அது தலைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஊரெல்லாம் லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமையில்தான் மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஆற அமரச் சமைப்பார்கள். அவள் இஸ்திரி போடாத அந்த நாளில் மட்டும் வாடை இல்லை. அவள் பெட்டியைச் சூடு போடுகிற நாளில்தான் அடிக்கிறது. அதுவும் அரை மணி நேரம் தேய்த்த பிறகு. போதாததற்கு, பெட்டியைப் போட்டதும் பின்னறை விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டுகிறது. ஃபியூஸ் வேறு அடிக்கடி போகிறது. அதற்கெல்லாம் கண்டக்டர், "கரண்டு சரியில்ல" என்று ஒரே பதில் வைத்திருந்தார்.

துணி தேய்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து பின்னறைக்குப் போனாள். பூப்போட்ட துணியை விலக்கிப் புறங்கையைச் சுவரில் வைத்தாள். அப்போதுதான் தேய்த்து மடித்த சட்டையைத் தொட்டது போல இருந்தது. குழந்தையின் தலை வருகிற இடம். 

உடனே போய்ப் பெட்டியை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். கண்டக்டர் அங்கே ஒரு கூட்டத்துக்கு டிஷ்ஷைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆட்களை வழியனுப்பி, வாசல்வரை போய்ப் பேசி, தண்ணீர் குடித்து, ஆடி அசைந்து அவர் பின்னறைக்கு வருவதற்குள் சுவர் ஆறிவிட்டது.

"குளுந்துதான் இருக்கு" என்றார் அவர், உள்ளங்கையைப் பரத்தி வைத்து. "சுடறது உன் கை. நாள் பூரா பெட்டி புடிக்கிற கை, வேற எப்படி இருக்கும்?"

"மீன் வாடை வருதுங்க."

"ஊர்ல நாலு பேர் மீன் பொரிக்கக் கூடாதா?"

"எலெக்ட்ரீஷியன ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்துடலாம்ங்க. கொழந்த வரப்போகுது."

கண்டக்டரின் முகம் சுண்டிவிட்டது. "நம்ம வீட்டுக்கு ஒரு கொறையும் இல்ல. ஊரே வந்து பாத்து அசந்து போகுது, உனக்கு மட்டும் நொட்டையா தெரியுதா?" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்த விதத்தில் பழைய வாட்டம் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் அவள் மேலே பேசவில்லை. அது தப்புதான். ஆனால் எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் தலை நிமிர்ந்த மனுஷனைத் தானே குட்டிக் குனிய வைப்பதா என்று அவளுக்கு மனசு வரவில்லை.

அன்றைக்கு அவள் கொஞ்சமும் தேய்க்கவில்லை. துணி கேட்டு வந்தவர்களிடம் நாளைக்கு என்று சொல்லி அனுப்பினாள். சமைக்கும்போதும் கழுவும்போதும் ஒரே யோசனை. ஆபத்து என்று சொன்னால் இவரிடம் எடுபடாது, பயந்தாங்கொள்ளி என்பார். வீட்டில் கோளாறு என்றால் சண்டைக்கு வருவார். ஒரு மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்று தெரியாமல் போகுமா?

மகள் வருவதற்கு முந்தின நாள் காலை. இஸ்திரியம்மா வேண்டுமென்றே பெட்டியைப் போட்டு, குழந்தைக்கு வாங்கிய புதுத் துணிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் எதிரில் நின்று மகளுக்குச் சொல்லப்போகும் விருத்தாந்தத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டைமாடி, டிஷ், கேபிள், ஜன்னல், டிவி. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு கை வீச்சு.

"என்னங்க, ஒரு சந்தேகம்."

"கேளு, கேளு."

"ஏறின எடம் மொட்டைமாடி. சரி. எங்க இறங்குச்சு?"

"டிவிலதான். இத்தன தடவ சொன்னேனே, காதுல வாங்கலியா?"

"டிவி சுவத்துல தொங்குது. தரையத் தொடவே இல்லயே. மின்னலு மண்ணுக்குப் போகணும்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்றீங்க?"

கண்டக்டர் கை வீச்சைப் பாதியில் நிறுத்தினார். 

அவள் தலை நிமிராமல் குட்டிச் சட்டையின் கையை நீவினாள். "இல்ல, உங்க வண்டியில ஏறின ஆள் எங்க இறங்கினான்னு தெரியாம ஒரு நாளும் இருந்ததில்லயே. அதான் கேட்டேன்."

அது உண்மை. அவருடைய சர்வீஸில் யாராவது தூங்கிப்போய் டிப்போ வரைக்கும் போனதாகச் சரித்திரமே கிடையாது. கடைசி ஸ்டாப்பில் வண்டி நின்றதும் டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார். இவர் மட்டும் முன்னாலிருந்து பின்னால் வரை, ஒவ்வொரு சீட்டுக்கும் அடியில் குனிந்து பார்த்து, எல்லாரும் இறங்கியாயிற்று என்று உறுதியான பிறகுதான் தானும் இறங்குவார். மற்ற கண்டக்டர்கள் கேலி செய்ததைக்கூட அவர் மெடல் மாதிரி சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தவர்.

அவர் ஹாலுக்குப் போனார். டிவியின் பிளக்கைப் பார்த்தார். சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியைப் பார்த்தார். சுவரை ஒட்டியபடியே நடந்து, சுற்றிக்கொண்டு பின்னறைக்குள் நுழைந்தார். பூப்போட்ட துணியை அவிழ்த்தார். சுண்ணாம்பின் மேல் பழுப்பாக ஒரு கோடு, பென்சிலால் இழுத்தது போல, கட்டிலின் தலைமாட்டிலிருந்து கொல்லைக் கதவு பக்கம் ஓடியது. முன்னே காலண்டர் மாட்டியிருந்த ஆணி பாதி வெளியே பிதுங்கியிருந்தது. துணியைக் கட்டும்போது இதெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்.

கதவைத் திறந்து கொல்லைக்குப் போனார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கரண்டை மண்ணில் இறக்கும் எர்த் குழாய் புதைத்த இடத்தில் மண் வெடித்துச் சிதறியிருந்தது. பெருச்சாளி தோண்டியிருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்த இடம். குனிந்து குழாயின் வாயைத் துடைத்தார். கரி ஒட்டியது.

"இங்கதான் இறங்கியிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு டிவி இருக்கும் திசையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரே வழிதான் இருந்தது.

உள்ளே ஓடி வந்து கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மூக்கு இப்போதுதான் அவருக்குத் திறந்தது போலிருக்கிறது. மீன் வாடை.

"பெட்டிய நிறுத்து!"

ஓடுகிற பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்துகிற குரல். இஸ்திரியம்மா பிளக்கைப் பிடுங்குவதற்குள் அவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். வீடு முழுக்க ஓசை அடங்கியது. அவர் குழந்தையின் கட்டிலைத் தனியாகவே தூக்கினார். கால்கள் வாசல்படியில் இடிக்க இடிக்கக் கொண்டுபோய்க் கொல்லையில் வைத்துவிட்டு, அதன் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். 

"நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள் அவள்.

"வேணாம். தொரத்திவிட்டது நான். நான்தான் போகணும்."

ஆனாலும் அவள் பின்னாலேயே போனாள். எலெக்ட்ரீஷியனின் கடையில் ஒரு மின்விசிறி பிரித்துப் போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், வேறு எந்த நாளும் கிடைக்காத மாதிரி, எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் பல்பு வாங்க நின்றுகொண்டிருந்தார்.  இந்த ஆள் முன்னால் இவர் வாயைத் திறக்க மாட்டார், ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்பிவிடுவார் என்று இஸ்திரியம்மா நினைத்தாள்.

கண்டக்டர் நேராகப் போய் நின்றார். "தம்பி, அன்னிக்கு நீங்க சொன்னத நான் கேக்கல. என் மேலதான் தப்பு. சுவர் சுடுது, கருகின வாடை வருது, மெயின நிறுத்திட்டு வந்திருக்கேன். நீங்க வந்து எங்க வேணாலும் பிரிச்சுப் பாருங்க."

குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை. மருந்துக்கடைக்காரருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கும். கூட்டத்தை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசியபோதெல்லாம் இஸ்திரியம்மாவுக்கு வந்த பெருமை இருக்கிறதே, அது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. தன் புருஷன் எத்தனை பெரிய மனுஷன் என்று அந்தக் கடை வாசலில்தான் அவள் பார்த்தாள்.

எலெக்ட்ரீஷியன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்தார். சுவரைத் தடவிப் பார்த்து ஓரிடத்தில் குறி போட்டார். உளியை ஓங்கப்போனவரைக் கண்டக்டர் தடுத்தார்.

"குடுங்க. நான் எழுப்பின சுவரு. மொத அடிய நான் போடறேன்."

நாலு அடியில் காரை உதிர்ந்தது. உள்ளே சுவரில் புதைத்திருந்த, வயர்கள் கூடுகிற சிறு பெட்டி தெரிந்தது. மூடியைத் திறந்ததும் எலெக்ட்ரீஷியன் விளக்கை அருகில் பிடித்தார். வயர்களின் மேலுறை உருகி வழிந்து, செம்பு வெறுமையாகத் தெரிந்தது. பெட்டியைச் சுவரில் நிறுத்த அடித்திருந்த மரத்துண்டு பாதி கரியாகியிருந்தது. தொட்டால் பொடியானது.

"மின்னல் இந்த வழியா மண்ணுக்கு ஓடியிருக்கு. போறப்ப வயர உள்ளுக்குள்ளயே பொசுக்கிட்டுப் போயிடுச்சு" என்றார் அவர். "மிச்சத்துலதான் இத்தன நாளும் கரண்டு வந்திருக்கு. விளக்குக்கும் ஃபேனுக்கும் அது தாங்கும். முன்னறை பிளக்குக்கும் இதே வயர்தான், அங்க இஸ்திரிப் பெட்டி மாதிரி பெரிய சாமான் போட்டா இந்த எடம் சூடேறிப் போகும். மேலுறை கருகறப்ப மீன் வாடை மாதிரி அடிக்கும், நெறைய பேர் ஏமாந்துடுவாங்க. நல்ல வேளை, மரம் இன்னும் புடிச்சு எரிய ஆரம்பிக்கல."

கண்டக்டர் அந்தக் கரித்துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கட்டில் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். இஸ்திரியம்மா அவர் தோளில் கை வைத்தாள். 

அன்றே அவர் மகளுக்குப் போன் போட்டார். "வீட்டுல பெரிய வேல இருக்கும்மா, முடிஞ்சதும் சொல்றேன், அப்புறம் வா." அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வீட்டின் மேல் ஒரு கீறல் விழவும் சம்மதிக்காத மனுஷன், எலெக்ட்ரீஷியன் நாலு இடத்தில் பிரிக்கலாம் என்றால் ஏழு இடத்தைக் காட்டினார். டிவியிலிருந்து மண் வரைக்கும் வயர் மொத்தமும் மாறியது. மற்ற அறைகளில் ஒவ்வொரு சுவிட்சும் கழற்றிச் சோதிக்கப்பட்டது. எர்த் குழாயைப் புதிதாகப் புதைத்தார்கள். கொத்தனாரைக் கையோடு அழைத்து வந்து மொட்டைமாடியைத் தட்டிப் பார்க்கச் சொன்னதும் கண்டக்டர்தான். கைப்பிடிச் சுவருக்குக் கீழே தளத்தில் ஓடியிருந்த விரிசல் அப்போதுதான் தெரிந்தது. "எல்லாத்தையும் பூசிடுங்க" என்றார். காட்டுவதற்கு இனி மாடியில் ஒன்றும் இல்லை.

அது மட்டுமா? பக்கத்து வீட்டில் போய், "உங்க சுவரையும் தொட்டுப் பாத்துக்குங்க. இடி பக்கத்துல விழுந்தாலும் போதும், வயர் வழியா வந்துடும்" என்று சொல்லி, எலெக்ட்ரீஷியனை அங்கேயும் அனுப்பி வைத்தார். அவர்கள் வீட்டில் தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் பெட்டி கருகியிருந்தது. மருந்துக்கடைக்காரரோ தானாகவே ஆள் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்.

மகள் வந்து சேர்ந்தபோது பின்னறையில் புதுச் சுண்ணாம்பு மணத்தது. குழந்தை கட்டிலில் கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது. கட்டில் இப்போது அறையின் நடுவில், எந்தச் சுவரையும் தொடாமல். அது தேவையில்லை என்று எலெக்ட்ரீஷியன் எவ்வளவோ சொல்லியும் கண்டக்டர் கேட்கவில்லை.

மகள் தரையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "இப்பவாவது முழுசா சொல்லுங்கப்பா" என்றாள். அவரும் சொன்னார். மாடியில் ஆரம்பித்து டிவி வரைக்கும் ஒரே வீச்சு. கைவீச்சுகூடக் குறையவில்லை. இஸ்திரியம்மா கதவருகே நின்று குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ! அவ்வளவு பெரிய சத்தத்துல பயந்துட்டீங்களாப்பா?"

கண்டக்டர் கையைக் கீழே இறக்கினார். குழந்தை தூங்கப்போகிறது என்பதாலோ என்னவோ, குரலும் இறங்கிவிட்டது.

"இடி விழுந்தப்ப பயப்படலம்மா. அப்ப எனக்குத் தலகால் புரியல. ஊருக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். உங்கம்மா ஒரு நாள் கேட்டா பாரு, எங்க இறங்குச்சுன்னு. அப்பதான் பயந்தேன். அவ கேக்காம விட்டிருந்தா..."

 மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இஸ்திரியம்மா மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். மனசு நிறைந்து வழிகிறபோது கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மருந்துக்கடைக்காரர், கூடவே அவர் வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க. இவங்க மின்னல் விழுந்த வீட்டப் பாக்கணும்னு ரொம்ப ஆசப்பட்டாங்க. நீங்க சொன்னாத்தான் நல்லா இருக்கும்னு கூட்டிட்டு வந்தேன்."

எதிர்வீட்டுக்காரர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை! கண்டக்டர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எல்லாரையும் உள்ளே வரச் சொன்னார். பிறகு நாற்காலியை ஒரு பக்கமாக நகர்த்தி, தான் உட்கார்ந்துகொண்டார்.

"இவ சொல்லுவா" என்றார். "எனக்குப் பாதிதான் தெரியும்."

எல்லாரும் இஸ்திரியம்மாவைப் பார்த்தார்கள். அத்தனை கண்களை அவள் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை. துணியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள், முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"மொட்டைமாடி அப்புறம்" என்றாள். "மொதல்ல கொல்லைக்கு வாங்க."